அடக்கத்தில் யார் பாடினார்கள்

சிகாகோ,
பிப்ரவரி 1983.

என் மகன் லெமுவேலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் சிறையில் வேறு யாராவது பிரித்துப் படித்திருப்பார்கள். படிக்கட்டும். ஒளிக்கும்படி இதில் ஒன்றும் இல்லை. நீ சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் பனிக்காலத்தில் செய்கிற வம்பைத்தான் செய்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

உங்கள் சிறைப் போதகர் தொலைபேசியில் பேசினார். அம்மாவின் அடக்கத்துக்கு உன்னை அனுப்ப மறுத்ததற்காக அவர் வருத்தம் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்? மேலே இருப்பவர்கள் முடிவு செய்தது. செய்தி கேட்டதிலிருந்து நீ யாரிடமும் பேசவில்லை என்றும், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய் என்றும் சொன்னார். அடக்கத்தில் யார் பாடினார்கள் என்று கேட்டாயாம். என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுகிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அவள் போன விதம். அவள் கஷ்டப்படவில்லை, லெம். காலையில் காப்பி போட்டு வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் முகம் மழித்துக்கொண்டு வந்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "கிரென்ஷா, பாதி மூஞ்சியில தாடிய அப்படியே விட்டுட்ட. கூரையில பனி கிடக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான் திரும்பிப் போய் மிச்சத்தையும் மழித்துக்கொண்டு வந்தபோது தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவளுடைய கடைசிப் பேச்சு என் தாடியைப் பற்றியது. பத்திரிகைக்காரர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஜெபம் பண்ணிக்கொண்டே உயிர்விட்டாள் என்று அவர்களாக எழுதிக்கொண்டார்கள்.

பத்திரிகையில் வேறு தப்பும் இருக்கிறது. உனக்கு அங்கே யாராவது அந்தத் தாளைக் காட்டுவார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். நகரத்துப் பெரிய சபைதான் பாடகி வெர்டெல் கிரென்ஷாவை வளர்த்தது என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சபை அவளை வெளியே அனுப்பியது. மிசிசிப்பியிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே எழுந்து நின்று பாடியிருக்கிறாள். பருத்திக்காட்டில் பாடிய மாதிரியே, இழுத்து, கை தட்டி, காலால் தரையை மிதித்துப் பாடியிருக்கிறாள். அங்கே எல்லாரும் கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பாடுகிறவர்கள். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் வந்து, "தங்கச்சி, இது சாராயக்கடை இல்ல" என்றாராம். "சாராயக்கடையில இத்தனை பேர் தூங்கமாட்டாங்கய்யா" என்று இவள் சொல்லிவிட்டாள். அதோடு அந்த வாசல் மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவள் பாடிய இடம் ஒரு பழைய இறைச்சிக்கடை. வாடகைக்கு எடுத்துச் சபை நடத்தினார்கள். மாட்டுத் தொடை தொங்கவிடுகிற கொக்கிகள் கூரையில் அப்படியே இருந்தன. நான் அவளை முதலில் பார்த்ததும் அங்கேதான். நான் மழைக்கு ஒதுங்கினவன். பாட்டு முடிந்தபோது மழை எப்போதோ நின்றிருந்தது. என் தொப்பியை ஒரு கொக்கியில் மாட்டியதும் நினைவில்லை, எடுத்ததும் நினைவில்லை. நான் பாடினால் கர்த்தர் காதைப் பொத்திக்கொள்வார் என்று பிற்பாடு என்னைக் கேலி செய்வாள். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனேனே ஒழிய, ஒரு ஆமென்கூட நான் உரக்கச் சொன்னதில்லை. சில வருடம் கழித்து அதே பெரிய சபை அவளை அழைத்து மேடையில் நாற்காலி போட்டது. அந்த மூப்பர் முன்வரிசையில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்தார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் கறுப்பர் சபைகளில் அவளைப் போலப் பாடாதவர் யார்?

அவள் போன செய்தி வானொலியில் வந்த நேரத்திலிருந்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. தெரிந்தவர்கள் வந்தது பெரிதில்லை. தெரியாதவர்கள் வந்தார்கள். நம் தெரு வழியாகப் போகிற பேருந்தை ஓட்டுகிறவர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சீருடையோடு வாசலில் நின்று, தன் தாய் சாகும்போது அம்மாவின் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் கண் மூடினாள் என்றார். வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு இறங்கின பயணிகளும் பின்னாலேயே வந்து பனியில் நின்றார்கள். ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. தோளில் பெரிய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தெருவையே அலறவைக்கிற பையன்கள், நம் வீட்டைத் தாண்டும் வரை சத்தத்தை நிறுத்திக்கொண்டு போனார்கள். அவள் கடைசியாக மேடை ஏறியபோது அவர்கள் தாயின் இடுப்பில் இருந்திருப்பார்கள். எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் படிக்க உனக்குக் கசப்பாக இருக்கும் என்று தெரியும். உனக்குப் பங்கு இல்லாமல் போன சாப்பாட்டை ஊரே சாப்பிட்டுவிட்டு ருசி சொல்வது போல. தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ அவளை வரவேண்டாம் என்று சொன்ன நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அன்று பார்வையாளர் கூடத்தில் பக்கத்து மேசையில் இருந்த அம்மாள் அவளை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, என் மகனுக்காக ஒரு வரி பாடுங்கள் என்று அழுதாள். அம்மாவுக்கு மறுக்கத் தெரியாது. பாடினாள். கூடமே எழுந்து நின்றது, காவலர் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். பாட்டு முடிந்தபோது உனக்கு ஒதுக்கிய நேரமும் முடிந்திருந்தது. "இங்கயும் நீ எனக்கு அம்மா இல்ல. இவங்களுக்குத்தான் அம்மா. இனிமே வராத" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய்.

திரும்பி வருகிற வழியில் அவள் அழவில்லை. வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெகு நேரம் கழித்து, "புள்ள சொன்னது சரிதான், கிரென்ஷா. ஊருக்கெல்லாம் பாடினேன். அவனுக்குன்னு ஒரு தாலாட்டு பாடினதா எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். அது உண்மையில்லை, லெம். உனக்கு அம்மை வார்த்தபோது டெட்ராய்ட் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு உன் கட்டிலோரம் உட்கார்ந்து ராகமும் இல்லாமல் சொல்லும் இல்லாமல் முனகிக்கொண்டே இருந்தாள். உனக்கு அப்போது நினைவு தப்பியிருந்தது. நான் கேட்டேன். நான் சாட்சி.

அந்தப் பயணத்துக்குப் பிறகு அவள் பாடவில்லை. சபைகள் கூப்பிட்டன. தொண்டை சரியில்லை என்றாள். வீட்டில்கூடப் பாத்திரம் கழுவும்போது வாயைத் திறக்கமாட்டாள். ரேடியோவில் அவளுடைய பாட்டு வந்தால் எழுந்து போய் அணைப்பாள். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்தது இது.

இப்போது நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன், கை ஓடவில்லை. வாசலில் பனி தள்ள வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

மறுநாள்.

பனி தள்ளினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கீரையும் சோள ரொட்டியும் கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பகலில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். அர்லீத்தா பைனம் நின்றிருந்தாள். ஹெர்ஷலின் அம்மா. சபைக்குப் போகிற தொப்பியும் கையுறையும் போட்டிருந்தாள். உன் கையால் அவள் மகன் போனதற்குப் பிறகு, நீதிமன்றத்தில் அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நாங்களும் உட்கார்ந்திருந்ததோடு சரி. அவள் கடைவீதியில் எதிரே வந்தால் நாங்கள் வேறு தெருவில் திரும்பிவிடுவோம். கதவைப் பிடித்தபடியே நின்றேன். அம்மா பின்னாலிருந்து, "உள்ள கூப்பிடு" என்றாள்.

உட்காரச் சொன்னோம், அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே அம்மாவைப் பார்த்துப் பேசினாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுத முயல்கிறேன்.

"சிஸ்டர் கிரென்ஷா, உங்க பாட்டக் கேட்டுத்தான் என் புள்ளைய வளத்தேன். புருஷன் விட்டுட்டுப் போன அன்னிக்கும் உங்க பாட்டுதான். வேலை போன அன்னிக்கும் அதான். உங்க மகன் என் மகனை எடுத்துக்கிட்டான். அன்னிக்கு ராத்திரி அழணும்னு ரெக்கார்டப் போடப் போனேன். கை வரல. அது அவனோட அம்மா குரலாப் போச்சு. எனக்கு அழறதுக்கு வேற குரல் இல்ல. புள்ள திரும்பி வரமாட்டான், அது எனக்குத் தெரியும். என் பாட்டையாவது திருப்பிக் குடுங்க."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கே அது இல்லைம்மா. போயிடுச்சு. இருந்தா தரமாட்டேனா" என்றாள்.

"அப்ப நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அர்லீத்தா அம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தெற்கிலிருந்து உன் பெரியம்மா ஒரு மூட்டை காய்ந்த காராமணிக் காய் அனுப்பியிருந்தாள். அம்மா அதை மேசையில் கொட்டினாள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, தோல் உரிப்பார்கள். இருட்டுமுன் அர்லீத்தா அம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். உன் பெயரை அவள் ஒரு தரமும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

நவம்பரில், நன்றித் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மத்தியானம் அம்மா முனக ஆரம்பித்தாள். முனகல் என்றால் உனக்குத் தெரியும். சொல் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து வருவது. சொல்லிப் பாடினால் பிசாசுக்கு விளங்கிவிடும், முனகினால் கர்த்தருக்கு மட்டும்தான் விளங்கும் என்பாள். காராமணியை உரித்துக்கொண்டே முனகினாள். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. அர்லீத்தா அம்மாளின் கை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த முனகலுக்குள் சொல் வந்தது. அவளுடைய பழைய பாட்டு, அந்த இறைச்சிக்கடையில் நான் கேட்டது. "தட்ட வேணாம் கர்த்தாவே, கதவு திறந்துதான் கிடக்கு."

அர்லீத்தா அம்மாள் அமைதியாகக் கண்ணீர் விட்டாள் என்று நீ நினைக்காதே. எழுந்து நின்று இரண்டு கையாலும் மேசையில் குத்தினாள். காராமணியெல்லாம் தரையில் உருண்டது. "ஹெர்ஷல், ஹெர்ஷல்" என்று அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து கூச்சல் போட்டாள். அடித்துவிடுவாளோ என்று நான் எழுந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பாட்டை நிறுத்தவில்லை. அவள் கத்தக் கத்த இவள் பாடினாள், கண்ணை மூடாமல், அவள் முகத்தைப் பார்த்தபடியே பாடினாள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பின்படிக்கட்டில் போய்க் குளிரில் நின்றேன். உள்ளே சத்தம் எப்போது அழுகையானது, அழுகை எப்போது ஓய்ந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது இருவரும் தரையில் மண்டியிட்டுக் காராமணி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவர்கள் தோழிகளாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஆகவில்லை. அவள் வருவாள், அம்மா பாடுவாள், அவள் அழுதுவிட்டுப் போவாள். சில நாள் காப்பிகூடக் குடிக்காமல் போவாள். ஒரு நாள் வாசலில் நின்று, "பாட்டு கிடைச்சதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். "நினைக்கலம்மா" என்றாள் அம்மா. அவள் பாடினது அந்த ஒருத்திக்காக மட்டும்தான். வேறு யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்க அவள் குரல் போய்விட்டது என்றுதான் பேசிக்கொண்டது.

இனி அடக்கம். சனிக்கிழமை நடந்தது. நம் சபையின் பாஸ்டர் டாகெட், அவளுடைய ரெக்கார்டையே ஒலிபெருக்கியில் போடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. அம்மா முன்பே சொல்லியிருக்கிறாள், "செத்தவ பாடுறதும் உசிரோட இருக்கிறவங்க சும்மா உக்காந்து கேக்குறதும் என்ன ஆராதனை?" என்று. அதனால் டெட்ராய்டிலிருந்தும் மெம்ஃபிஸிலிருந்தும் பாடகர்கள் வந்தார்கள். இரண்டு பாடற்குழுக்கள். பெயர்களை எழுதினால் உனக்கு எல்லாரையும் தெரியும். மேல்மாடமும் நிரம்பி வெளியே பனியில் கூட்டம் நின்றது. வெள்ளைக் கையுறை போட்ட பணிவிடைக்காரர்களுக்கு ஆட்களுக்கு இடம் பார்த்து மாளவில்லை. முன்வரிசையில் என் பக்கத்து இடத்தில் தொப்பியை வைத்திருந்தேன். அங்கே ஒருவரை உட்காரவைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அது என் மகனுடையது என்றேன்.

அவர்கள் நன்றாகப் பாடினார்கள், லெம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் அவளைப் போலவே பாடினார்கள். அதனாலேயே அவள் இல்லை என்பது ஒவ்வொரு பாட்டிலும் இன்னும் கூடிக்கொண்டு வந்தது. எனக்குக் கண்ணீரே வரவில்லை. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்து பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். ஆர்கன் நின்றது. பாட வேண்டியவர்கள் எல்லாரும் பாடியாகிவிட்டது. அந்த அமைதியில் பின்னால் கதவோரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஒரு வரியைத் தனியாக எடுத்துக்கொடுத்து நிறுத்தியது, அந்தக் காலத்தில் மிசிசிப்பிச் சபைகளில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அப்படி. "தட்ட வேணாம் கர்த்தாவே." சுருதி சேரவில்லை. பாதியில் உடைந்தது. யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். யாரும் அந்த வரியைத் திருப்பிப் பாடவில்லை. பாடலாமா கூடாதா என்று சபையே திகைத்து உட்கார்ந்திருந்தது. அந்தக் குரல் தனியாக, இன்னொரு தரம் அதே வரியை எடுத்துக்கொடுத்தது.

நான் எழுந்தேன். திரும்பி அவளைப் பார்த்து நின்று, எனக்குத் தெரிந்த குரலில் அந்த வரியை வாங்கிப் பாடினேன். ஆமாம், நான்தான். கர்த்தர் காதைப் பொத்திக்கொண்டிருந்தால் பொத்திக்கொண்டிருக்கட்டும். அதன் பிறகு சபை முழுவதும் எழுந்தது. அவள் ஒரு வரி தருவாள், நாங்கள் இழுத்து வாங்குவோம். வெளியே பனியில் நின்றவர்களும் வாங்கினார்கள். பெட்டியை மூடினவர்களும் பாடிக்கொண்டேதான் மூடினார்கள்.

இதுதான் நீ கேட்டதற்குப் பதில். உன் அம்மாவின் அடக்கத்தில் பாடியது அர்லீத்தா பைனம்.

அடக்கம் முடிந்து சபையின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். அவள் தட்டை எடுக்காமல் என்னிடம் வந்தாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். அவள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"அவன்கிட்ட என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியல, பிரதர் கிரென்ஷா. சபிச்சாலும் சபிப்பேன். ஆனா கோர்ட்டுல பாத்த அந்தச் சின்னப் பையன் மூஞ்சி எனக்கு முன்னாடி அப்படியே நிக்குது. வயசே ஆக மாட்டேங்குது. என் புள்ளைக்கும் வயசாகல. ரெண்டு பேரையும் நான் ஒருத்தியே சுமக்குறேன். ஒருத்தனையாவது இறக்கி வைக்கணும்."

மகனைக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உன் சம்மதம் இல்லாமல் அவளை உள்ளே விடமாட்டார்களாம், சிறைப் போதகரிடம் விசாரித்துவிட்டேன். அவள் உன்னை மன்னிக்க வருகிறாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நல்ல வார்த்தை பேசுவாள் என்றுகூடச் சொல்ல முடியாது. உனக்கு முடியாது என்றால் முடியாது என்று எழுது. அதனால் நான் உனக்கு அப்பா இல்லாமல் போய்விடமாட்டேன்.

ஆனால் சரி என்று சொன்னால், நானும் கூட வருவேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த வாயில்வரை பனியில் தனியாக நடக்க இந்த முழங்கால் இப்போது விடுவதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும். அவள் பிடிக்கக் கொடுப்பாள் என்று நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. யாரோடும் வம்புக்குப் போகாதே. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்திருப்பாராக. உன் பதிலைச் சீக்கிரம் எழுது, மகனே. அவளும் சின்னவள் இல்லை, நானும் இல்லை. காத்திருக்க இனி எங்களுக்கு அதிகம் நேரம் இல்லை.

உன் அப்பா,
அமோஸ் கிரென்ஷா